பன்னிரண்டு பேருக்கு டெங்கு கொடுத்த பிரியாணி

தன்னம்பிக்கை எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் அதிகம். (அறிவு பின்னால்தான் கிளம்பியது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது.) லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்த மூன்றாம் மாதம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனிக்குக் காய்ச்சல் முகாம் நடத்த நான் வேலைக்குச் சேர்ந்த லேபிலிருந்து என்னைத் தனியாக அனுப்பினார்கள்.

காய்ச்சல்காரர்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு டெங்கு டெஸ்ட் கார்டில் ரத்தச் சொட்டு விட்டு, பெயரெழுதி மேசையில் அடுக்கினேன். இருபதாவது நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு கோடு என்றால் டெங்கு இல்லை, இரண்டு என்றால் டெங்கு. அதற்குள் கேன்டீனில் பிரியாணி வந்துவிட்டது.

நான் திரும்பியபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நேரம் தாண்டினால் இல்லாத கோடும் லேசாகத் தெரியும் என்று உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். (படிப்பவர்களுக்காக.) பன்னிரண்டிலும் இரண்டு கோடு.

எல்லோருக்கும் டெங்கு என்று கணீரென்று அறிவித்தேன். சூப்பர்வைசர் ஏழுமலை ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார். கம்பெனி பஸ்ஸில் அனைவரையும் ஏற்றித் திருவள்ளூருக்குப் புறப்பட்டோம். வெல்டர் தசரதன் மட்டும், தனக்கு லேசான காய்ச்சல்தான், வீட்டுக்குப் போகிறேன் என்று இறங்கப் பார்த்தார். நான் விடவில்லை. பெரியபாளையத்தில் சேதி கேட்டு அவர் மனைவி லட்சுமி பஸ்ஸை மறித்து ஏறி, பவானியம்மனுக்கு வேப்பிலை கோத்த வேப்பஞ்சேலை கட்டுவதாக வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கார்டுகளைப் புரட்டினார்.

"எத்தனை நிமிஷத்துல பார்த்தே?"

"சாப்ட்டு வந்து பார்த்தேன் மேடம்."

அவர் திட்டவில்லை. புதிதாக ரத்தம் எடுத்துப் புதுக் கார்டுகளில் விட்டு, என்னை எதிரே உட்கார வைத்து, கடிகாரத்தைக் காட்டினார். அவ்வளவு நீளமான இருபது நிமிடத்தை நான் பார்த்ததே இல்லை. பதினோரு கார்டில் ஒற்றைக் கோடு. கூடவே வந்திருந்த ஏழுமலையின் பக்கம் நான் திரும்பவில்லை. தசரதனின் கார்டில் மட்டும் இரண்டு கோடு, அழுத்தமாக. ரத்தத் தட்டணுக்களும் இறங்கியிருந்தன. வீட்டுக்குப் போயிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர்.

ஆறாம் நாள் தசரதன் எழுந்து நடந்தார். லட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அத்தினி பேர இட்டுக்கினு வந்ததாலதாம்மா இவுரும் வந்தாரு."

நேரத்தோடு கார்டைப் பார்த்திருந்தாலும் அவர் மட்டும் சிக்கியிருப்பார் என்று நான் திருத்தப்போகவில்லை.

இன்று ஒரு லேபுக்கே நான்தான் பொறுப்பு. எங்கள் மீஞ்சூர் வீட்டில் அதெல்லாம் செல்லாது. கரண்ட் பில் கட்டியாச்சு என்று நான் அடித்துச் சொன்னால்கூட, அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "சாப்புட்றதுக்கு முன்ன பாத்தியா, அப்பறம் பாத்தியா?"