மேழிநாட்டின் முதல் அடுக்கு

புரட்டாசி ஒன்பது, வியாழன். நான்காம் குழியைக் குறித்த இடத்தில் வெட்டவில்லை. கயிற்றைத் தவறான முளையில் கட்டிவிட்டேன். ஐந்து முழம் கிழக்கே போய்விட்டது. பிழை என்னுடையது.

மேழிநாட்டுத் தொன்மைக் காப்புத் துறையில் அளவுக்காரனாக இருந்த வேலப்பன் தன் நாட்குறிப்பில் இப்படி எழுதினான். மாலை வகுப்பில் நில அளவை படிப்பவன். ஒரு கோட்டை மூன்று முறை அளந்த பிறகும் இன்னொரு முறை அளந்திருக்கலாமோ என்று யோசிப்பவன்.

கொடியில் ஏர் பொறித்த நாடு அது. அதன் அரசர், வெயில் வீணாகிறதே என்று வருந்தி, வயல்களில் மின்சாரம் எடுக்கும் சூரியத் தகடுகளை நட ஆணையிட்டார். நீதி தவறாதவர் என்பதால் ஒரு காப்பும் வைத்தார்: தகடு நடுமுன் நிலத்தில் எட்டுக் குழி வெட்டிப் பார்க்க வேண்டும், முன்னோர் வாழ்ந்த தடயம் கிடைத்தால் அந்த நிலத்தை உழுபவரிடமே விட்டுவிட வேண்டும். குழிகளின் இடத்தைத் தலைநகரில் இருந்தபடியே அமைச்சர் குறித்தனுப்புவார். அவை பாறையிலோ வண்டிப்பாதையிலோ அமைந்துவிடும். நானூறு நிலங்களில் எதுவும் கிடைக்கவில்லை. மேழிநாட்டில் முன்பு யாரும் வாழ்ந்ததில்லை என்று பாடநூலும் திருத்தப்பட்டது.

செவந்தியின் கடலைக்காட்டில்தான் கயிறு தவறியது. இடுப்பளவு ஆழத்தில் செங்கல் வாய்க்கால் ஒன்று தெரிந்தது. அதன் மேல் சாம்பல். சாம்பலில் கருகிய தினை.

"அப்ப என் காடு தப்பிச்சுதா தம்பி?" என்றாள் செவந்தி. "இன்னும் இருபது நாள்ல கடலை பிடுங்கணும்."

"சட்டப்படி தப்பிச்சிருச்சுக்கா" என்றான். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

மறுநாள் காப்பு அதிகாரி வந்து குழியையும் வரைபடத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "குறிக்காத எடத்துல கெடைச்சா அது கெடைக்காத மாதிரிதான்" என்றார்.

"அப்ப குறிச்ச எடத்துல போய்ப் படுத்துக்கச் சொல்லுங்கய்யா வாய்க்கால" என்றாள் செவந்தி.

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டு போனார்.

திங்களன்று ஆணையோடு திரும்பினார். வாய்க்கால் நாட்டின் பெருமை. ஏரின் கொழு பட்டால் செங்கல் உடையும். ஆகவே உழவு கூடாது. நீர் பாய்ச்சினால் ஊறும். ஆகவே கிணறு மூடப்படும். மழை படாமலிருக்க மேலே கூரை வேண்டும். கூரைக்குத் தகடே உகந்தது. தகட்டுக்காக எடுக்கும் நிலத்துக்கு மாற்று நிலம் உண்டு. காப்பதற்காக எடுக்கும் நிலத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை.

செவந்தி வேலப்பனைப் பார்த்தாள். "கெடைக்கலேன்னாலும் தகடு, கெடைச்சாலும் தகடு. நீ சரியா வெட்டித் தொலைச்சிருந்தா எனக்கு மாத்துக் காடாச்சும் வந்திருக்கும்ல?"

அவன் குனிந்து தவறான முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தான்.

அதிகாரி குழியின் பக்கவாட்டுப் படத்தைக் கேட்டார். மூன்றாம் அடுக்கு வாய்க்கால், இரண்டாம் அடுக்கு சாம்பல் என்று வேலப்பன் காட்டினான்.

"அது என்ன சாம்பல்?" என்றாள் செவந்தி.

"வெளைஞ்ச காடு எரிஞ்சிருக்குக்கா. அப்புறம் ரொம்ப காலம் இங்க யாரும் இல்ல."

"அவங்களாப் போனாங்களா, போக வெச்சாங்களா?"

"மண்ணப் பாத்து அதச் சொல்ல முடியாதுக்கா."

"முதல் அடுக்கு கடலைக்காடு. அதையும் வரைஞ்சிடு" என்றார் அதிகாரி. "காலம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு, அதுல 'முன்பு'ன்னு போடு."

"ஐயா, செவந்தியக்கா இங்கதான நிக்கிறாங்க."

"படம் தலைநகரம் போய்ச் சேர பத்து நாளாகும்ப்பா. அதுக்குள்ள சரியாயிடும்."

அன்று வேலப்பன் வகுப்புக்குப் போகவில்லை. நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதி அடித்தான். பிறகு எழுதியது இது:

புரட்டாசி பதின்மூன்று, திங்கள். நாளைய வேலை: முதல் அடுக்கை அளக்க வேண்டும். கடலை இருபத்தாறு வரிசை, கிணறு ஒன்று, வீடு ஒன்று, வீட்டில் ஆள் மூன்று. காலம் எது என்பதைச் செவந்தியக்காவிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுத வேண்டும்.