எருமை நெய்யும் பெட்டிப் படமும்

திருப்பூர்
12-9-1964

‘இரும்புத் தோள்’ மாதப் பத்திரிகையின் ஆசிரியர் பெருந்தகை அவர்களுக்கு, வெள்ளியங்கிரி நிட்டிங் கம்பெனி முதலாளி வெள்ளியங்கிரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி பூவாத்தாளும் எருமையும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தைக் கோபம் தணிந்த பிறகு விசாரிக்கிறேன்.

தங்கள் சித்திரை மாத இதழில், பாலிலுள்ள புரதச் சத்து நாற்பத்தைந்து தாண்டியவனுக்கும் தசையை வளர்க்கும் என்று ஒரு கட்டுரை போட்டீர்கள். எனக்கு வயது நாற்பத்தெட்டு. எங்கள் ஊரில் பனியன் பெட்டியின் மேல் ஒரு பயில்வான் படம் இல்லாவிட்டால் பம்பாய் ஏஜெண்டு பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மற்ற கம்பெனிக்காரர்கள் எவனையோ பிடித்துப் படம் போடுகிறார்கள். நான் தங்களை நம்பி, முதலாளிமார் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, “இந்தத் தீபாவளிக்கு என்ற பெட்டி மேல என்ற உடம்புதான் இருக்கும், பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே விட்டுத் தொலைத்திருப்பேன்.

மறுவாரமே உடுமலைப்பேட்டைச் சந்தையில் எருமை வாங்கியாயிற்று. பாலின் சத்து மேலேதான் மிதக்கும், இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே ஏடு, வெண்ணெய், நெய் எல்லாம் ஒரு சொட்டு வீணாகாமல் எனக்கே வந்தன. மிஞ்சுகிற மோரை வேலையாட்களுக்கு ஊற்றிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிளீச்சிங் தொட்டியில் ஈரத்துணி பிழிகிற மாரப்பன் ஒருவன்தான் சலிக்காமல் தினம் இரண்டு பெரிய சொம்பு குடித்தான். பயிற்சியிலும் நான் குறை வைக்கவில்லை. எங்கள் கட்டிங் மாஸ்டர் நஸ்ருதீன் சாயங்காலத்தில் ஒரு தேகப்பயிற்சிக் கூடம் நடத்துகிறார், அங்கே சேர்ந்தேன். இரண்டு கர்லாக் கட்டையையும் மாரப்பன் சுமந்து வருவான், நான் கை வீசி நடப்பேன். அங்கே போனதும் அவனை நூறு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லிவிட்டு உட்கார்ந்து கவனிப்பேன், முறை தெரிய வேண்டாமா? அப்புறம் நான் நாலு தண்டால் எடுப்பேன். “மொதலாளி, தண்டால்னா நெஞ்சு தரையத் தொடோணுங்க. உங்களுக்கு வயிறு முந்திக்குதுங்க” என்பார் நஸ்ருதீன். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

நேற்று கோயமுத்தூரிலிருந்து போட்டோக்காரர் வந்தார். முப்பத்தாறாம் நம்பர் பனியனை மாட்டினேன், அக்குளில் பிய்ந்தது. முப்பத்தெட்டு, தொப்புளுக்குமேல் நின்றுகொண்டது. நாற்பத்திரண்டில் ஒருவழியாக நுழைந்து கையை மடக்கி நின்றால், அந்த மனுசன், “சார், மூச்சை உள்ள இழுங்க” என்கிறான். “இழுத்துட்டுத்தானய்யா நிக்கறேன்” என்றேன். பெட்டி மடிக்கிற பெண்கள் அத்தனை பேரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது ஐயா. தீபாவளி முடிந்து சங்கக் கூட்டத்துக்கு எந்த முகத்தோடு போவேன்? எனவே, பாலால் நடுவயதில் தசை வளராது, வளர்வது வயிறுதான் என்று அடுத்த இதழில் தாங்கள் கொட்டை எழுத்தில் மறுப்புப் போட்டாக வேண்டும். அதற்குச் சாட்சி நான்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் சகல நலமும் பெருகட்டும், தோள் நீங்கலாக.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
வெள்ளியங்கிரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் பூவாத்தாள் வாங்கிப் படித்தாள். “ஏனுங்க, சத்து மேலதான் மெதக்குதுன்னு உங்களுக்கு ஆரு சொன்னது? பொஸ்தகத்த முழுசாப் படிச்சீங்களா?” என்றாள். பார்த்தால், பத்தாம் பக்கமும் பதினோராம் பக்கமும் என் நெய்க்கையால் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தோம். தசைக்கு வேண்டிய சத்து வெண்ணெயில் இல்லை, தயிரிலும் மோரிலும் இருக்கிறது, அதையும் உழைக்கிற உடம்புதான் தசையாக்கும் என்று தாங்கள் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பூவாத்தாள் ஜன்னலைக் காட்டினாள். வெளியே மாரப்பன் வெற்றுடம்போடு துணி பிழிந்துகொண்டிருந்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவன். போட்டோக்காரர் இன்னும் ஊரில்தான் இருந்தார், ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். முப்பத்தாறாம் நம்பர் அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. படத்தைக் கழுத்துக்குக் கீழே மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன், உடம்பு யாருடையது என்று ஊரார் நினைப்பது ஊராரின் விருப்பம். படம் எடுத்து முடிந்ததும் மாரப்பன், “சாமி, இந்தப் பனியன நானே போட்டுக்கட்டுங்களா? இருவது வருசமா வெளுக்கறேன், இன்னைக்குத்தானுங்க மொதல்ல போட்டுப் பாக்கறேன்” என்றான். கசங்காமல் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். ஆகவே மறுப்பு எதுவும் வேண்டாம், இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடவும். நாளையிலிருந்து மோரையும் நானே குடிப்பதாக இருக்கிறேன்.