ஆடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மெஷின்

ராயப்பேட்டை,
18-9-1973

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை ஜவஹர் அவர்களுக்கு, மாமனார் சண்முகவேல் ஆசி கூறி எழுதுவது. இங்கு யாவரும் சௌக்கியம். ஹாம்பர்க் குளிரில் மகள் சூடாமணியைக் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்லவும்.

அங்குள்ள தரும ஸ்தாபனத்தார், அவர்கள் கொடுத்த மெஷினால் எங்கள் பொருளாதாரம் எவ்வளவு வளர்ந்தது என்று உங்கள் மூலமாகக் கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் ஒருவர் பார்வையிட வருகிறார், மெஷின் ஓடாவிட்டால் வேறு நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் அப்பளத் தொழிலாளர் சங்கத்தின் பன்னிரண்டு பெண்களும் இதை நம்பித்தான் வியாபாரியிடம் கூலிக்கு அப்பளம் இடுவதை விட்டு வந்தார்கள். செயலாளர் என்ற முறையில் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். நீங்கள்தான் அங்கே பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாவைத் தேய்த்து வட்டமாக வெட்டும் அந்த மெஷினும், அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஹெல்மூட் துரையும் வந்து இறங்கியது ஆடி இரண்டாம் தேதி. ஆடியில் யாராவது புதுக் காரியம் ஆரம்பிப்பார்களா? துரையோ மறுநாளே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் மெஷின் மேல் ஓர் எட்டு முழ வேட்டியைப் போர்த்தி, ஆவணி பிறக்கட்டும் என்று சைகையால் சொல்லிவிட்டேன். எங்கள் உறுப்பினர் ஜைதூன் பீ மட்டும், "எங்களுக்கு இன்னா நைனா ஆடி? நாங்க கத்துக்கினு போறோம்" என்றார். சங்கம் என்றால் எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று அடக்கினேன். பதினெட்டாம் பெருக்கிலாவது தொடங்கலாம் என்று மாவு பிசைந்து வைத்தால், அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை. மனுஷன் பாவம், தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். ஆடி முடிந்த அன்றே அவருடைய முப்பது நாளும் முடிந்து, மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிவிட்டார்.

ஆவணியில் நல்ல முகூர்த்தம் பார்த்து, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, நானே பட்டனை அமுக்கினேன். பேச்சியம்மாள் இந்தப் பக்கம் போட்ட மாவு அந்தப் பக்கம் அப்பளமாக வர வேண்டியதுதானே? திரும்பி வந்து, தலைமை தாங்க வந்திருந்த ஆழ்வார்பேட்டைப் பிரமுகரின் சில்க் ஜிப்பாவில் அப்பிக்கிச்சு. அவர் துண்டால துடைச்சுக்கிட்டுக் காரில் ஏறிட்டார். விளக்கப் புத்தகம் முழுக்க ஜெர்மன். படத்தைப் பார்த்து அதுல இருக்கிறபடியே செஞ்சேன். குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படமெல்லாம் செய்யக் கூடாததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு ஷெட்டைப் பூட்டினதுதான். பொம்பளைங்க மறுபடி குழவியில தேய்க்கிறாங்க. என் முகத்தைப் பார்க்கிறதில்லை.

ஆகவே பொருளாதாரம் பூஜை வரைக்கும் வந்திருக்கிறது என்று சொல்லவும். ஹெல்மூட் துரையை இன்னொரு தடவை, ஆடி மார்கழி இல்லாத மாசமாப் பார்த்து அனுப்பச் சொல்லுங்க. அதுவரை பார்வையிட வருகிறவரைத் தள்ளிப்போடுங்க. மெஷின் போய்விட்டால் அந்தப் பன்னிரண்டு பேர் முன்னால் என்னால் நிற்க முடியாது, மாப்பிள்ளை.

கபாலீசுவரர் கடல் தாண்டியும் உங்கள் இருவரையும் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
சண்முகவேல், செயலாளர்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை எடுக்க ஷெட்டுக்குப் போனால், பூட்டை உடைத்திருக்கிறார்கள், உள்ளே மெஷின் ஓடுகிறது. ஓட்டுவது ஜைதூன் பீ. அந்தப் பக்கம் வட்டம் வட்டமாக அப்பளம் விழுகிறது. ஆடி முழுக்க, நான் மதியம் சாப்பிட்டுத் தூங்கப் போன நேரமெல்லாம் துரையிடம் கற்றிருக்கிறார். பாஷை தெரியாமல் எப்படிம்மா என்றேன். "அவரு கையால காட்னாரு, நான் கண்ணால பாத்துக்கினேன். இதுக்கு இன்னாத்துக்கு நைனா பாஷை?" இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்கதான் சாவிய இடுப்புலயே வச்சிக்கினு கீறீங்களே." ஆகவே துரை வேண்டாம். பார்வையிடுகிறவர் தாராளமாக வரட்டும். மேலே செயலாளர் என்று போட்டிருப்பதையும் அடித்துவிடவும். பன்னிரண்டு பேரும் கை தூக்கி ஜைதூன் பீயைப் போட்டுவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன். ஆனாலும் அந்த அப்பளத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு வந்தால் எனக்கும் ஓட்டக் கற்றுத் தருகிறாராம். நாளைக்கு அஷ்டமி. போகிறேன்.