நாற்பத்து மூன்றாவது பந்தயத்தின் ஒன்பதாவது சுற்று

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வீட்டில் யாவரும் நலம். அங்கே உங்கள் இடது கால் நீங்கலாக மற்ற எல்லாம் நலம் என்று அத்தை போனில் சொன்னார்கள். பதினாறு வருடம் பைக் பந்தயத்தில் ஓட்டியும் ஒரு நகம்கூடப் பெயராத நீங்கள், சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றப்போய், அசையாமல் நின்ற முக்காலியிலிருந்து விழுந்ததை அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, நடந்து முடிந்த பந்தயத்தைப் பற்றிய அறிக்கை. இரண்டு, என் ராஜினாமா. போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் எந்த வாக்கியத்தையும் என்னை முடிக்க விடுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

கிளப்பின் இளைஞர் தொடர்பாளராக நீங்கள் என்னைப் போட்டதற்கு ஒரே காரணம், முப்பது வயதுக்குக் கீழே அந்த அறைக்குள் வருகிற ஒரே ஆள் நான் என்பதுதான். நான் பைக்குக்காக வருவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். நூலகத்தை மாலையில் பூட்டிவிட்டு வந்தால், கிளப்பின் பின்னறையில் ஜன்னலோரமாக ஒரு மேசை இருக்கிறது. முன்னறையில் உங்கள் கூட்டம் கார்புரேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். கார்புரேட்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்னைப் பார்த்து எப்போது கல்யாணம் என்று கேட்பதில்லை. அந்த அமைதிக்காக வந்துகொண்டிருந்தவள் மீது ஒரு பதவி வந்து விழுந்தது.

நகராட்சிக் கடிதம் வந்த அன்று நீங்கள் மருத்துவமனையில் இருந்தீர்கள். வருடத்தில் ஒரு நாள், அரை நாள், நான்கு கிலோமீட்டர் சாலையை மூடித் தருவது பொதுநலத்துக்காக. ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதியவர்களாக இருப்பதால் இதில் பொதுநலம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆகவே இந்த வருடம் இருபத்தைந்து வயதுக்குக் கீழே குறைந்தது நூறு பார்வையாளர்கள் வராவிட்டால் அடுத்த வருடம் சாலை கிடையாது. அவ்வளவுதான் கடிதம். கீழே இன்னொரு வரியும் இருந்தது. போன வருடம் பரிசு கொடுக்கும் முன்பே தடுப்புகளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நீங்கள் போட்ட சண்டைக்குப் பதிலாக, பந்தய முடிவு முறைப்படி அறிவிக்கப்படும் வரை அனுமதி செல்லும் என்று நகராட்சிப் பொறியாளர் தானே சேர்த்த வரி. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. போன வருடம் வந்த இளைஞர்கள் எத்தனை பேர் என்று பார்த்தோம். நான்கு. அதில் ஒன்று கைக்குழந்தை, ஒன்று நான்.

கமிட்டி கூடியது. தலைவர் என்ற முறையில் வெல்டர் பேசினார். "சின்ன வயசுல நம்மள யாராவது கூப்பிட்டாங்களா? சத்தம் கேட்டுச்சு, ஓடிப்போய் நின்னோம். இப்பவும் அதே சத்தந்தானே வருது?" என்றார். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்கிற பல் டாக்டர், "அவங்க காதுல ஏற்கனவே என்னமோ மாட்டியிருக்காங்களே" என்றார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலில் போஸ்டர் அடித்தோம். ஒரே ஒரு பைக் படம், ஒரே ஒரு வரி, தேதி, போதும் என்றேன். எந்த பைக் என்று வெல்டர் கேட்டார். ஏதோ ஒரு பைக் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைக்காக அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் அச்சாகி வந்த போஸ்டரில் பதினோரு வரி இருந்தது. என்ஜின் கொள்ளளவு, கியர் விகிதம், டயரின் அகலம் எல்லாம் இருந்தன, தேதி மட்டும் இல்லை. நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஒரு பையன் வந்து நின்று முழுதும் படித்துவிட்டு, இந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று கேட்டான்.

அடுத்தது வீடியோ. முப்பது நொடியில் தன் அனுபவத்தைச் சொல்லும்படி வெல்டரிடம் சொன்னேன். பதினோரு நிமிடம் பேசினார். பதினோராவது நிமிடத்திலும் அவர் முதல் பைக்கை வாங்கியிருக்கவில்லை, அதை விற்றவருடைய அண்ணனின் குணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டி வெட்டி முப்பது நொடிக்குக் கொண்டுவந்தபோது, அவர் தொண்டையைச் செருமுவதும் "எழுதிக்கிட்டியாம்மா?" என்று கேட்பதும்தான் மிஞ்சின. ஒன்பது பேர் விருப்பக்குறி போட்டார்கள். ஆறு பேர் கமிட்டி.

பிறகு கல்லூரிக்குப் போனேன். உங்கள் பழைய பைக்கை மாணவர்களுக்குக் காட்டலாம் என்று பல் டாக்டர் தள்ளிக்கொண்டு வந்தார். இருபது நிமிடம் உதைத்தும் அது ஸ்டார்ட் ஆகவில்லை. கூடியிருந்தவர்கள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வகுப்புக்குத் தாங்களாக விரும்பிப் போவதை இன்றுதான் பார்க்கிறேன் என்று காவலாளி சொன்னார். வியர்த்துப்போய் நின்ற எங்களைப் பார்த்து, புள்ளியியல் துறைப் பேராசிரியை என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு பைக் பிடிக்காதாம். ஆனால் முதலாண்டு மாணவர்கள் நூற்று முப்பத்தேழு பேருக்கும் களப்பணி வேண்டியிருந்தது.

"அங்க எண்ணுறதுக்கு ஏதாவது இருக்குமா?" என்றார்.

"பதினாலு வண்டி, இருபது சுற்று மேடம். ஒவ்வொரு சுற்றுலயும் கோட்டை எந்த வரிசையில தாண்டுதுன்னு எழுதணும்."

"கையாலயா?"

"நாங்க இன்னும் கையாலதான் மேடம்."

"அப்ப நல்லது. வரச் சொல்றேன். ஆளுக்கு ஒரு அட்டவணை. பக்கத்துல பார்த்து எழுதினா மார்க் கிடையாது."

நூற்று முப்பத்தேழு பேர். எனக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

பந்தயத்தன்று காலையில் அவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளிக்கூடச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். வாசலில் பதிவேடுகளோடு நம் ரிஜிஸ்டர் இருந்தார். அவரை ஏன் எல்லோரும் அப்படி அழைக்கிறோம் என்பதை நான் அன்று முழுதாகப் புரிந்துகொண்டேன். பந்தய நேரத்தில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பவர் பணியாளர் என்பது கிளப்பின் ஆறாவது விதியாம். நூற்று முப்பத்தேழு பேரையும் வரிசையில் நிறுத்தி, பணியாளர் பதிவேட்டில் பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் துணிப்பட்டை கட்டினார். பட்டை இருபதுதான் இருந்தது. மீதிக்குப் பின்னறை ஜன்னலின் மஞ்சள் திரையைக் கிழித்தார். இப்போது என் மேசையில் நான்கு மணிக்குமேல் வெயில் கண்ணில் அடிக்கிறது.

முதல் மூன்று சுற்றுக்கு அவர்கள் தாளைத்தான் பார்த்தார்கள். ஆனால் பதினான்கு வண்டிகள் ஒன்பது நொடியில் கடந்து போய்விடுகின்றன. எண்ணைப் பார்த்தால் எழுத முடியவில்லை, எழுதினால் பார்க்க முடியவில்லை. ஒன்று விட்டுப்போனால் பக்கத்தில் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் காட்ட மாட்டார், மார்க் போய்விடும். ஆகவே வண்டி வருவதற்கு முன்பே கழுத்தை நீட்டிக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஐந்தாவது சுற்றில் எழுந்து நின்றார்கள். முப்பத்தொன்றாம் எண் தபால்காரர், உங்களுக்குத் தெரியும், அவருடைய வண்டி பள்ளிக்கூட நேர்சாலையில் இரண்டு இடம் பின்னால் போகும், பேக்கரி வளைவில் அந்த இரண்டையும் திரும்பப் பிடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இதையே செய்தார். ஒவ்வொரு சுற்றிலும் அட்டவணையில் அவருக்காகவே இடம் விட்டு வைத்தார்கள். பல் டாக்டர் ஒலிபெருக்கியில் தன்னை மறந்து, "திறங்க... இன்னும் கொஞ்சம் திறங்க... அவ்ளோதான், வலிக்காது" என்று தபால்காரரின் ஆக்சிலேட்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது சுற்றில் ஒரு பெண், "பதினேழு எங்க? பதினேழு வரல. ஏய், பதினேழு இன்னும் வரலடி" என்று கத்தினாள். வீட்டுக்கு வர வேண்டிய ஆள் வராதபோது கேட்கிற குரல் அது. பதினேழு தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் நின்றுபோய், எப்போதோ கிளம்பி மறுபடி கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. யாரும் உட்காரவில்லை. நான் இதையெல்லாம் காதால்தான் கேட்டேன். சுற்று எண்ணுகிற உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் சொன்னபடி கோட்டைத் தவிர வேறெங்கும் பார்க்காமல் அதிகாரபூர்வ அட்டவணையைப் போட்டேன். என் அட்டவணைப்படி பதினேழு இரண்டாவது, தபால்காரர் மூன்றாவது. வரும் ஞாயிற்றுக்கிழமை வெல்டர் முடிவை அறிவிப்பார்.

இனி அந்த மோசமான பகுதி. நகராட்சிப் பொறியாளர் கையில் எண்ணும் கருவியோடு வந்து நின்றார்.

"ஏழு" என்றார்.

"சார், அங்க பாருங்க சார்."

"பார்த்தேன்மா. மஞ்சப் பட்டை கட்டியிருக்காங்க. அவங்க பணியாளர். இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ பார்வையாளர் ஏழுதான்."

ரிஜிஸ்டர் பதிவேட்டைத் திறந்து காட்டினார், பெருமையாக. "ஒரு பேரு விட்டுப்போகல சார். எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க." பொறியாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். பதினேழைத் தேடிக் கத்திய பெண் அவருடைய மகள். அவள் பெயருக்கு எதிரே அவள் கையெழுத்து இருந்தது. அவர் பதிவேட்டை மூடிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ரிஜிஸ்டருக்கு யாராவது விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. வெல்டர் சொன்னார். ரிஜிஸ்டர் தன் நாற்காலியை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை, மாமா. நீங்களும் திட்ட வேண்டாம்.

ஆக நாற்பத்து மூன்றாவது பந்தயமே கடைசிப் பந்தயம். இளைஞர்களைக் கொண்டுவரச் சொன்னீர்கள், கொண்டுவந்தேன், எண்ணிக்கையில் சேரவில்லை. எனக்கு இதில் எந்தக் காலத்திலும் ஆர்வம் இல்லை, கடமைக்குச் செய்தேன், அது முடிந்தது. இதையே என் ராஜினாமாவாக ஏற்றுக்கொள்ளவும். நான் ஒப்படைப்பவை: கிளப் சாவி, கொடிகள், நூற்று முப்பத்தேழு அட்டவணைகள் (எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை), அலமாரியில் செய்தித்தாள் சுற்றிய கோப்பை. அரைச் சக்கர வித்தியாசத்தில் வெல்டர் ஜெயித்தாரா நீங்கள் ஜெயித்தீர்களா என்று பதினோரு வருடமாக விசாரணையில் இருக்கிற அதே கோப்பை. ஆட்சேபம் வந்தால் முடிவை அறிவிக்கக் கூடாது, சர்ச்சைக்குரிய சுற்றை அதே சாலையில் மறுபடி ஓட வேண்டும் என்பது விதி. எந்தச் சுற்று என்பதிலேயே நீங்கள் இருவரும் ஒத்துப்போகாததால், நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கிய அந்தப் பந்தயம் இன்னும் முடியவில்லை. இதையெல்லாம் அடுத்து வருபவரிடம் நீங்களே விளக்கிக்கொள்ளுங்கள்.

காலைக் கீழே ஊன்ற வேண்டாம். அத்தைக்கு என் அன்பைச் சொல்லவும். எலும்பு சீக்கிரம் கூடி, பழையபடி நீங்கள் எல்லோர் பேச்சிலும் குறுக்கிட வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் நூலகத்துக்கு அந்தப் பெண் வந்தாள், பொறியாளர் பின்னால் வந்தார். அவள் தன் அட்டவணையின் நகலை மேசையில் விரித்தாள். ஒன்பதாவது சுற்றில் பதினேழு கோட்டைத் தாண்டவே இல்லை, ஆகவே அதற்குப் பத்தொன்பது சுற்றுதான், தபால்காரர்தான் இரண்டாவது என்று எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்தாள். எல்லா அட்டவணைகளையும் எடுத்துப் பார்த்தோம். தாண்டியது என்று அறுபத்தொரு பேர், தாண்டவில்லை என்று ஐம்பத்தெட்டு பேர், பதினெட்டுத் தாள்களில் அந்த இடம் காலி.

பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க விதிப் புத்தகத்தை மூணு தடவை படிச்சேன். பார்வையாளர் ஆட்சேபம் கொடுக்க முடியாது, பணியாளர் கொடுக்கலாம். என் பொண்ணு பணியாளர். பதிவேட்ல இருக்கு" என்றார். பிறகு தன் அனுமதிக் கடிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார். "முடிவு அறிவிக்கிற வரைக்கும் அனுமதி செல்லும். எழுதினது நான்தான். நீங்க அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லிடாதீங்க." அவசரப்படுவது நம் கிளப்பின் வழக்கமில்லை என்று உறுதி சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வருடம் இதே நாளில் ஒன்பதாவது சுற்றை மறுபடி ஓடுகிறோம். அதற்குப் பிறகு நேற்று மாலை வரை மேலும் நாற்பது ஆட்சேபங்கள் வந்திருக்கின்றன, எல்லாம் வேறு வேறு சுற்றுகளுக்கு. ரிஜிஸ்டர் ஒவ்வொன்றையும் பதிவு செய்து ரசீது கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கு எல்லோரும் வருவார்களாம். கிளப்பில் பத்தொன்பது நாற்காலிதான் இருக்கிறது. பதினெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்கிறேன். ராஜினாமாவைக் கிழித்தால் மறுபக்கத்து அறிக்கையும் கிழியும் என்பதால், அந்தப் பத்தியைப் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும்.

அதிகாரபூர்வ அட்டவணையில் ஒன்பதாவது சுற்றுக்கு நேரே பதினான்கு எண்களும் சுத்தமாக இருக்கின்றன. அவற்றைப் பந்தயம் முடிந்த பிறகு, எட்டாவது சுற்றைப் பார்த்து எழுதினேன். அந்தச் சுற்று நடந்தபோது எங்கே இருந்தாய் என்று விசாரணையில் கேட்டால், உங்கள் நாற்காலியில் இருந்தேன் என்றுதான் சொல்லப் போகிறேன். அது உண்மை. அதன் மேல் ஏறி நின்று, தபால்காரர் பேக்கரி வளைவிலிருந்து வருகிறாரா என்று பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். நாற்காலிக்கு இடது கால் போய்விட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.