ஜூலை ஒன்றாம் தேதிக்காரர்

மனிதர்களில் ஜூலை ஒன்றாம் தேதிக்காரர் என்று ஒரு வகை உண்டு. அந்தத் தேதியில் பிறந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்தவர் யார், பின்னால் பிறந்தவர் யார் என்று ஊருக்கே கணக்கு வைத்திருப்பவர்.

விஷயம் பிடிபடவில்லையா? குற்றம் உங்களுடையதல்ல. உங்கள் வீட்டில் யாரும் ஐஸ் மேல் ஆடவில்லை என்று அர்த்தம், கொடுத்துவைத்தவர் நீங்கள். ஃபிகர் ஸ்கேட்டிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. காலில் பிளேடு பொருத்திய பூட்ஸ், உடம்பில் ஜிகினா, முகத்தில் சிரிப்பு, கீழே கல்லு மாதிரி ஐஸ். விழுந்தாலும் சிரிப்பு மட்டும் விழக் கூடாது. இதில் ஜூனியர் சாம்பியன்ஷிப் ஆட வேண்டுமானால் அந்தப் பருவத்து ஜூலை ஒன்றாம் தேதிக்கு முன்பே பதின்மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தொன்பது நிறைந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. சாதாரண மனிதன் ஒரு தடவை படித்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பான். நம்மவருக்கு இதுதான் வேலை.

இவரை எங்கே பார்க்கலாம்? எந்த ஐஸ் அரங்குக்கு வேண்டுமானாலும் போங்கள். பெற்றோர் உட்காரும் பெஞ்சில், உடை மாற்றும் அறையின் கதவு நன்றாகத் தெரிகிற மூலையில், கம்பளித் தொப்பியை ஒரு காது மட்டும் வெளியே தெரியும்படி இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் பிளாஸ்க்கும் பக்கத்தில் விதிப் புத்தகமுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு காது மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதற்கு. மற்ற பெற்றோரெல்லாம் ஐஸைப் பார்ப்பார்கள். இவர் மற்ற பெற்றோரைப் பார்ப்பார். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தால் அவள் எவ்வளவு உயரம் தாண்டுகிறாள் என்பது இவருக்குப் பொருட்டே இல்லை. எந்த மாதம் பிறந்தாள் என்பதுதான் கேள்வி. எங்கள் அரங்கில் இவருக்கு "ஜூலை ஒண்ணு" என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

நான் முதல் நாள் என் மகளை அழைத்துக்கொண்டு போனபோதே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"பாப்பா எப்போ பொறந்தா சார்?"

"ஆகஸ்ட்."

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அதிர்ஷ்டக்காரர் சார் நீங்க! கிட்டத்தட்ட ஒரு வருஷம் லாபம். கூடப் படிக்கிறவங்கள்லாம் ஜூனியர்லேர்ந்து வெளிய போன அப்புறமும் உங்க பொண்ணு உள்ளயே இருப்பா."

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. சுவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தரை ஓடுது" என்று அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குத்தான் இந்த லாபம்.

இவருடைய சொந்தக் கதை சோகமானது. மகள் பிறந்தது ஜூன் முப்பது, இரவு. ஒரே ஒரு ராத்திரி வித்தியாசம்! அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று நிறைந்தபோது இதே ஜூன் முப்பதுக்காக இவர் அரங்கு முழுக்க சாக்லேட் கொடுத்தாராம். "பாத்தீங்களா, ஒரு நாள்ல முந்திட்டா! மத்தவங்க இன்னொரு வருஷம் காத்துக் கிடக்கணும்" என்று மனைவியை வானளாவப் புகழ்ந்தாராம். ஆனால் உள்ளே நுழைய உதவிய அதே ஒரு நாள், வெளியே தள்ளும்போது ஒரு வருஷம் முன்னதாகத் தள்ளும் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் உறைத்தது. இந்தப் பருவம்தான் கடைசி. அடுத்த ஜூன் முப்பதில் பத்தொன்பது, ஜூனியர் கதை முடிந்தது. உடனே மனைவியிடம் போனார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதா நீ?"

அந்த அம்மாள் ஆட்ட உடையில் ஜிகினா தைத்துக்கொண்டிருந்தவர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு, இன்னும் எவ்ளோ நேரம், இன்னும் எவ்ளோ நேரம்னு டாக்டர் உயிரை எடுத்தது யாரு?"

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நன்றாக ஆடுவாள். எனக்கு ஆட்டத்தில் ஆனா ஆவன்னா தெரியாது, ஆனால் அவள் ஐஸில் இறங்கினால் நான் பிளாஸ்க்கை மூடிவைத்துவிடுவேன். கோச் ஒரு தடவை சொன்னதை நான்கு தடவை செய்து பார்க்கிறவள். விடியற்காலை வந்து, ஐஸைச் சமப்படுத்துகிற வண்டி வெளியே போவதற்குள் பூட்ஸ் கட்டித் தயாராக நிற்பாள். ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் இரண்டு தடவை ஆடி, இரண்டு தடவையும் மூன்றுக்குள் வராமல் போனவள். இந்தக் கடைசித் தடவைக்காக அந்த வருஷம் முழுக்க சிநேகிதிகளோடு ஒரு சினிமாவுக்குக்கூடப் போகவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டம். வயது, பதிவு, விதி எல்லாம் அப்பா இலாகா.

அப்பா இலாகாவில் என்ன நடந்தது?

அதே அரங்கில் இன்னொரு பெண் இருந்தாள், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மகள். இவளைவிட அரை மாற்றுக் குறைவு, ஆனால் போட்டி நாளில் விழ மாட்டாள். அவள் பிறந்த நாள் என்ன தெரியுமா? ஜூலை ஒன்று. நம்மவர் மகளுக்கு மறுநாள்! அவளுக்கு அடுத்த வருஷமும் ஜூனியர் ஆடலாம். இவர் வயிறு எரியாதா? எரிந்தது. இத்தனைக்கும் கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்தப் பாக்கியம் பற்றிய ஞானமே கிடையாது. ஒரு நாள் பெஞ்சில் வைத்து நம்மவர் அவரை வளைத்தார்.

"உங்க பொண்ணு ஜூலை ஒண்ணுதானே? நிச்சயமா?"

"ஒண்ணா, ரெண்டா... அவங்க அம்மாவைத்தான் கேக்கணும் சார். கேக் வாங்கிட்டு வான்னு சொல்லுவாங்க, வாங்கிட்டு வருவேன்."

பெற்ற பெண்ணின் பிறந்த தேதி தெரியாதவன் எதையோ மறைக்கிறான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார் ஜூலை ஒண்ணு. அந்தப் பெண்ணுக்கு உண்மையில் ஒரு வயது அதிகம், ஜூலை ஒன்றுக்கு முன்பே பத்தொன்பது முடிந்துவிட்டது, ஊரை ஏமாற்றுகிறார்கள் என்பது அவர் கட்சி. அதற்கு ஆதாரம் தேட ஆரம்பித்தார். தேடினார், தேடினார், வீட்டுப் பரணில் இருந்த பழைய ஆல்பத்தையெல்லாம் இறக்கிப் போட்டுத் தேடினார். கடைசியில் அகப்பட்டது ஒரு போட்டோ. குழந்தைகள் போட்டியில் இரண்டு பெண்களும் கை கோத்துக்கொண்டு நிற்கிறார்கள். கண்ணாடிக் கடைக்காரர் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது, நம்மவர் மகளுக்கு விழவில்லை.

"புரியுதா சார்?" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தைகள் இரண்டும் அழகாக இருந்தன.

சாம்பியன்ஷிப்புக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. மற்றவர்களெல்லாம் வாரக்கணக்கில் முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரர் பதிவு திறந்த முதல் நாளே, மனைவி சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார். நம்மவர் மட்டும் மகளின் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஏன் என்று கேட்டேன். "நம்ம கையை எதிராளிக்கு ஏன் சார் முன்னாடியே காட்டணும்?" என்றார். எதிராளியோ அந்த நேரத்தில் யாருக்கோ ஒரு ஃபிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மகளின் தொலைந்துபோன கையுறையைக் கேட்க நான் விண்ணப்பம் வாங்கும் ஸ்கேட்டிங் சங்க அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு முன்னால் ஜூலை ஒண்ணு நின்றுகொண்டிருந்தார். உள்ளே செயலாளர் அம்மாள், கழுத்தைச் சுற்றி இரண்டு சால்வை, பக்கத்தில் ஒரு சின்ன ஹீட்டர்.

"இந்தப் பல்லைப் பாருங்க மேடம்."

"பாத்தேன் சார்."

"நல்லாப் பாருங்க. எத்தனை வயசுல மேடம் முன்பல்லு விழும்?"

"பல்லு விழுந்ததை வச்சு வயசு சொல்ல நான் என்ன பல் டாக்டரா? அந்தப் பொண்ணோட சர்டிபிகேட்டை நான் சரிபார்த்தாச்சு. ஜூலை ஒண்ணுதான். விடுங்க."

விடுவாரா? உயரத்தை எடுத்தார், ஷூ சைஸை எடுத்தார், அந்தப் பெண் மூன்று வருஷத்துக்கு முன்பே கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டதை எடுத்தார். விதிப் புத்தகத்தைத் திறந்து ஆட்சேபணை எழுப்பும் உரிமை பற்றிய பகுதியைப் பக்கம் பக்கமாக வாசித்தார். பின்னால் யாராவது வந்தால் பெருந்தன்மையோடு நகர்ந்து வழி விட்டார். "நீங்க குடுத்துட்டுப் போங்க, என் விஷயம் முடிய நேரமாகும்." அப்படி இவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி நான்கைந்து பேர் விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கையுறையும் கிடைத்துவிட்டது. ஆனாலும் நான் போகவில்லை. இந்த மாதிரிக் காட்சியை விட்டுவிட்டுப் போக நான் என்ன முற்றும் துறந்தவனா?

செயலாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். கணினியில் எதையோ தட்டினார். ஹீட்டரை அணைத்தார்.

"அஞ்சாச்சு சார். பட்டியலை அனுப்பிட்டேன்."

"சரி, ஆட்சேபணையை நாளைக்கு எழுத்து மூலமா தர்றேன்" என்று மிடுக்காகச் சொல்லி, போட்டோவைச் சட்டைப் பையில் வைக்கப் போனார். பை நிறைந்திருந்தது. கையில் மடித்த காகிதம் தட்டுப்பட்டது.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"மேடம்... இது... என் பொண்ணோடது."

"நேரம் முடிஞ்சு போச்சே சார்."

"நான் மத்தியானத்துலேர்ந்து இங்கயேதானே நிக்கிறேன்!"

"நின்னீங்க. உங்க பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை பேசலியே." அந்த அம்மாளுக்கும் குரல் இறங்கிவிட்டது. "போன வருஷம் ஒரு அம்மா, பஸ் கிடைக்காம ஓடி வந்து இதே ஜன்னல்ல அழுதாங்க. நான்கூட வாங்கிக்கலாம்னுதான் நெனச்சேன். விதின்னா விதிதான்னு பக்கத்துல நின்னு புத்தகத்தைப் பிரிச்சுக் காட்டினது நீங்க. இப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

அந்த அம்மாள் ஜன்னலை மூடினார். புத்தகம் நம்மவர் கக்கத்திலேயே இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பயிற்சி முடிந்து, தோளில் பூட்ஸ் பை, நெற்றியில் ஒட்டிய முடி. "குடுத்தாச்சாப்பா?" என்றாள். அவர் கையிலிருந்த காகிதத்தை அவளே பார்த்துக்கொண்டாள். மூடிய ஜன்னலைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடைசி வருஷம்னு நீங்கதானேப்பா சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்து போனாள். அன்றைக்கு எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை.

சாம்பியன்ஷிப் நடந்தது. கண்ணாடிக் கடைக்காரர் மகள் நான்காவதாக வந்தாள், விழவில்லை. நம்மவர் மகள் தடுப்புச் சுவருக்கு வெளியே நின்று கைதட்டினாள். சிநேகிதி ஐஸிலிருந்து வெளியே வந்ததும் கோட்டை எடுத்துப் போர்த்திவிட்டாள். ஜூலை ஒண்ணு பெஞ்சில் இரண்டு காதையும் தொப்பிக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த பருவம் அந்தப் பெண் சீனியர் பிரிவில் பெயர் கொடுத்தாள். அப்பா இலாகா கலைக்கப்பட்டுவிட்டது. பதிவு திறந்த முதல் நாளே தானே போய்க் கொடுத்தாள். இவருக்கு விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வழி தவறியவர் போல என் பக்கம் திரும்பினார்.

"சீனியர்ல வயசுக்கு உச்ச வரம்பே கிடையாதாம் சார். எத்தனை வயசு வரைக்கும் வேணும்னாலும் ஆடலாமாம்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்..." என்று இழுத்தார். எதிரே அந்தப் பெண் ஐஸில் இறங்கிச் சுற்ற ஆரம்பித்திருந்தாள். கணக்கு எதுவும் மிச்சமில்லாததால் வேறு வழியின்றி இவரும் பார்த்தார். "இவ இவ்ளோ நல்லா ஆடுவாளா சார்?" என்றார்.

திருந்திவிட்டார் என்று நினைத்தேன். அதற்குள் அவர் கண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகள் மேல் விழுந்துவிட்டது. "ஆகஸ்ட் எத்தனாம் தேதின்னு சொன்னீங்க?"

"பதினாறு, காலை ஏழேகால்" என்றேன். நேரத்தை அவர் கேட்கவில்லை.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: மேலே அந்த விதியைப் படித்தீர்களே, அப்போது உங்கள் பிள்ளை ஜூலை ஒன்றுக்கு முன்னாலா, பின்னாலா என்று மனசு ஒரு நொடி எட்டிப் பார்க்கவில்லை? பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்போது பிறந்தது என்றும் கூடவே ஞாபகம் வரவில்லை? வந்திருந்தால் பரவாயில்லை, யாரிடமும் சொல்ல வேண்டாம். எழுந்து போய்ச் சட்டைப் பையை மட்டும் ஒரு தடவை தடவிப் பாருங்கள். உங்கள் பிள்ளையுடையது ஏதாவது அதில் மடித்தபடியே இருந்துவிடப் போகிறது.