நான் அடித்த அரிவாள்மனை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த அரிவாள்மனையை நான் தெரியாமல்தான் உடைத்தேன். அதற்குப் பிறகு செய்ததையெல்லாம் தெரிந்தேதான் செய்தேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். கீரமங்கலத்தில் டிராயிங் வாத்தியார் வேலை. கல்யாணமாகி முதல் ஆடி. மனைவி பஞ்சவர்ணம் அறந்தாங்கிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் சீராகக் கொண்டுவந்த அரிவாள்மனையில் மண்ணெண்ணெய் டின்னைத் திறக்கப் பார்த்தேன். (யாரும் திறக்கச் சொல்லவில்லை.) அலகு அடியோடு ஒடிந்து கையில் வந்துவிட்டது.

கொல்லுப் பட்டறைக்குப் போனால், மாமனார் வீட்டுச் சீரை உடைத்த மாப்பிள்ளை என்று பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தவிர, சொந்தமாக ஓர் உலை போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆவணி முதல் தேதி அவள் திரும்புவதற்குள் நானே சரிசெய்து வைத்துவிடுவது என்று முடிவுகட்டினேன்.

ஓட்டை இரும்புச் சட்டிக்குள் செம்மண் பூசினேன். கொட்டாங்கச்சிக் கரி சேர்த்தேன். காற்றுக் குழாய்க்கு என் சைக்கிள் ஹேண்டில்பாரையே அறுத்தேன். (அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கு நடைதான்.) துருத்திக்கு ஆட்டுத்தோல் கேட்டுக் கறிக்கடை பாயிடம் போனேன்.

"பதப்படுத்தாத தோலுங்க வாத்தியாரே, நாறும்" என்றார்.

"நாறினா நாறிட்டுப் போகுது பாய்."

நாறியது. நாலாம் நாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால், தெருநாய்கள் குழாயை மட்டும் எனக்கு விட்டுவைத்திருந்தன. நான் விடுவேனா? இன்னொரு தோல் வாங்கித் தைத்து, ஒரு கையில் துருத்தி, மறு கையில் கம்பு என்று உட்கார்ந்தேன். உலை கனன்றது. அலகு முழுவதையும் பழுக்கவைத்து, அடிப்பாகத்தை அடித்து நீட்டினேன். தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விடுமோ என்று பயந்து, சாம்பலில் புதைத்து நிதானமாக ஆறவிட்டேன். அப்படி ஆறினால் இரும்பு இளகிப்போகும் என்பது எனக்குத் தெரியாது. தீட்டி, மரத்தில் பொருத்தியதும் பளபளவென்றிருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஆவணி முதல் தேதி மகளோடு மாமனாரும் வந்தார், தோட்டத்துப் பரங்கிக்காயுடன். பஞ்சவர்ணம் உட்கார்ந்து காயை அலகில் வைத்து அழுத்தினாள். அலகு இடதுபக்கம் சாய்ந்தது. நிமிர்த்திவிட்டு மறுபடி அழுத்தினாள். வலதுபக்கம் சாய்ந்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைக் குறை சொல்வதைவிட அந்தப் பரங்கிக்காயை முழுசாக விழுங்கிவிடுவது மாமனாருக்குச் சுலபம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காய் கொஞ்சம் முத்தல், மாப்பிள்ளை" என்றார்.

"நாந்தான அப்பா பிஞ்சாப் பாத்துப் பறிச்சேன்" என்றாள் அவள்.

எனக்கு மானம் போயிற்று. உடைத்தது, உலை, நாய்கள் என எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பஞ்சவர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அலகைத் தடவிப் பார்த்தார்.

"கைவேலை நல்லா இருக்குங்க. இத நான் கொண்டுபோறேன். வீட்டுல வாழப்பழம் அறுக்க ஆகும்."

சொன்னபடியே கொண்டுபோனார். மறுவாரமே புதிய அரிவாள்மனை ஒன்றும் வந்து சேர்ந்தது. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது வாழைப்பழத்தைக் கையில் எடுத்தால், "இருங்க, மாப்பிள்ளை அருவாமனை வரட்டும்" என்று இன்னொருவர் சொல்லாமல் இருப்பதில்லை. பஞ்சவர்ணம் உடனே என் கட்சியில் சேர்ந்துகொள்வாள்.

"சும்மா கேலி பண்ணாதீங்க. நல்லாக் கனிஞ்ச பழமா இருந்தா அறுக்கும்."