மெத்தை பாய் பறந்த நாள்

மனிதர்களை முதுகை வைத்தே எடைபோடுகிற ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, மெத்தை பாய்தான். மந்திரியே எதிரில் வந்தாலும், "இவரு குப்புறப் படுக்கிற ஆளு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். உழவர்கரையில் எங்கள் தெரு முனையில் இருக்கும் அவருடைய மெத்தைக் கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

மெத்தையைக் கண்டால் அமுக்கிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. எனக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். காய்ச்சல் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கொஞ்சம் எழுந்திருங்க தம்பி" என்று என்னை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு மெத்தையை மூலைக்கு மூலை குத்திப் பார்த்தார். பிறகு படுத்தும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்துவிட்டார். பாய்க்கு ஊசி விழாமல் தடுக்க, காய்ச்சல்காரன் நான் கத்த வேண்டியிருந்தது.

இப்பேர்ப்பட்டவருக்குப் பிடித்தது ஒரே ஒரு படம். இளவரசன் பறக்கும் மெத்தையில் ஏறிக் கடல் தாண்டும் பழைய மாயாஜாலப் படம். சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தாராம். "என்னைக்காவது ஒரு தடவ அதுல ஏறிடணும் தம்பி" என்பார். மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிற அதே முகத்தோடு சொல்வார். சிரிக்க முடியாது.

போன வருஷம் அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்துக்காக, நோணாங்குப்பத்தில் படகு ஏறிப் போகிற கடற்கரையில் அரண்மனை செட் போட்டார்கள். அங்கே சாப்பாடு சப்ளை செய்தவன் என் நண்பன் சேகர். அவனிடம் கெஞ்சிக் கூத்தாடி பாய்க்கு அனுமதி வாங்கினேன்.

"எதையும் தொடக் கூடாது பாய். தொட்டா சேகரோட காண்ட்ராக்டு போயிடும்."

"நான் இன்னா சின்ன புள்ளையா?" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

கட்டிய கை அரண்மனை வாசல் வரை அப்படியே இருந்தது. உள்ளே, சிவப்புப் பட்டும் தங்கக் குஞ்சமுமாக அந்த மெத்தை! பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "அதே சிவப்பு தம்பி" என்றார். நான் மோர் வாங்கிவரப் போனேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

திரும்பி வந்தால், பாய் மெத்தைமேல் குனிந்திருக்கிறார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் கோணி ஊசி கையில்.

"பஞ்செல்லாம் ஒரே பக்கம் சேந்து கெடக்கு. இதுல பறந்தா இளவரசன் இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்? மூலைக்கு ஒண்ணா நாலு தையல் வேற அசிங்கமா இருந்துச்சு, பிரிச்சுட்டேன்."

அந்த நாலு தையல்தான் மெத்தையை அடியில் இருந்த, கிரேன் கம்பியில் தொங்கும் இரும்புச் சட்டத்தோடு பிடித்து வைத்திருந்ததாம். அடுத்த ஷாட்டே பறக்கும் காட்சி. உதவி இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். சேகர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது. பாயோ அங்கேயே உட்கார்ந்து, பஞ்சைப் பரத்தி, சட்டத்தோடு சேர்த்து மறுபடி தைத்துக் கொடுத்தார்.

சண்டைப் பயிற்சி மாஸ்டர் தையலை இழுத்துப் பார்த்தார். முறைத்தார்.

"யாரு தச்சது?"

"நான்தாங்க."

"எங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. கம்பியில தொங்குற எதையும் கட்டுனவன்தான் மொதல்ல ஏறிக் காட்டணும். அப்புறம்தான் ஹீரோ. பெல்ட்டக் கட்டுங்கய்யா இவருக்கு."

தண்டனையாகத்தான் சொன்னார், பாவம். பாய் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தார். கிரேன் உறுமியது. பாய் மேலே போனார். கீழே லைட்மேன்கள் கைதட்டினார்கள். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த சேகர்தான் முதலில் விசிலடித்தான்.

திரும்பும்போது படகில் கேட்டேன். "மேலேருந்து நம்ம ஊரு தெரிஞ்சுதா பாய்?"

"கண்ண மூடிக்கினேன் தம்பி. தொறந்தா எறக்கிடுவாங்களோன்னு பயம்."

படம் இன்னும் வரவில்லை. வந்ததும் முதல் நாளே பாயோடு போவதாக இருக்கிறேன். பறக்கும் காட்சியில் தியேட்டரே இளவரசனைப் பார்க்கும். நானும் பாயும் மட்டும் மெத்தையின் நான்கு மூலைகளைப் பார்த்துக்கொண்டிருப்போம்.